எது குறைகிறது?

தைராய்டு உள்ளவர்களும் வைட்டமின் மாத்திரைகளும் குறித்து பிரிக்ஃபீல்ட்ஸில் ஆற்றிய சொற்பொழிவு

  

தைராய்டு நோய் உள்ளவர்கள் வைட்டமின் மாத்திரையை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் நம்மில் உண்டு. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. மாட்டிறைச்சியைத் தொடாதவர்கள் உண்டு. முட்டைகூடச் சேர்க்காத சைவர்கள் உண்டு. இவர்கள் எதை வாங்குவது, எதை விடுவது?

துன் சம்பந்தன் சாலையில் உள்ள மருந்தகத்துக்குள் நுழைந்து பாருங்கள். கிள்ளானில் தெங்கு கிளானா சாலைப் பக்கம் போய்ப் பாருங்கள். என்ன காண்கிறோம்? முடிக்கு ஒரு புட்டி, நகத்துக்கு ஒரு புட்டி, மூட்டுக்கு ஒரு புட்டி, சோர்வுக்கு ஒரு புட்டி. தைராய்டு சரியாகச் சுரக்காத ஒருவருக்கு இந்தத் தொல்லைகள் அத்தனையும் ஒரே உடம்பில் இருக்கக்கூடும். முடி கொட்டும். நகம் உடையும். மூட்டு வலிக்கும். காலையில் எழுந்திருக்க முடியாத சோர்வு இருக்கும். அப்படியானால் அவர் எத்தனை புட்டி வாங்குவார்? எத்தனை வெள்ளி செலவழிப்பார்? மருந்தகத்தின் முகப்பில் நின்று இந்தக் காட்சியைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்தவன் நான். அதனால்தான் இன்று பேச வந்தேன்.

வாங்குவதற்கு முன் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள். என் உடம்பில் எது குறைகிறது? இந்தக் கேள்வியை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த ஊர்களில் ஒன்று நம் கோலாலம்பூர். ஆம், இதே ஊர்தான்.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முந்தைய மலாயாவை நினைத்துப் பாருங்கள். ஈயச் சுரங்கங்களில் ஆள்கள் கொத்துக் கொத்தாக விழுந்துகொண்டிருந்தார்கள். கால் மரத்துப் போகும், வீங்கும், நடை தளரும், கடைசியில் நெஞ்சு அடைத்து உயிர் போகும். பெரிபெரி என்றார்கள் அந்த நோயை. கிருமி என்றார் ஒருவர், மண்ணிலிருந்து எழும் நச்சுக்காற்று என்றார் இன்னொருவர். நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன் என்பவர் மட்டும் ஒன்றைக் கூர்ந்து கவனித்தார். சயாமிலிருந்து வந்த வெள்ளை அரிசியைச் சாப்பிட்ட சீனத் தொழிலாளர்கள் விழுகிறார்கள். அதே நாட்டில், அதே வெயிலில், அதே மழையில் உழைக்கும் தமிழர்கள் விழவில்லை. ஏன்? தமிழர் உண்டது புழுங்கலரிசி!

நெல்லை ஊறவைத்து, உமியோடு அவித்து, உலர்த்தி, அதன் பிறகே குத்துவது நம் வழக்கம். அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் அது முழுவதும் போவதில்லை. நம் பாட்டிமார் இதைப் பரிசோதனைக்கூடத்தில் கண்டுபிடிக்கவில்லை, அடுப்படியில் காப்பாற்றி வைத்திருந்தார்கள்.

1905-ஆம் ஆண்டின் இறுதியில் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் ஒரு சோதனையைத் தொடங்கினார். அங்கிருந்தவர்களை வரிசையாக நிறுத்தி எண் சொல்ல வைத்தார். ஒற்றைப்படை எண் ஒரு பக்கம், இரட்டைப்படை எண் மறு பக்கம். ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசி, இன்னொரு பிரிவுக்குப் புழுங்கலரிசி. நோய்க்குக் காரணம் கட்டடமாக இருக்குமோ என்று பார்க்க இரு பிரிவினரின் இருப்பிடத்தையும் மாற்றிப் பார்த்தார். 1906 முடிவதற்குள் வெள்ளை அரிசி உண்ட 120 பேரில் முப்பதுக்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டது. அவர்களில் 18 பேர் இறந்தார்கள். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் நோய் இருந்தது இரண்டே பேருக்கு, அந்த இருவரும் விடுதிக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள்.

அந்த 18 பேரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை. இன்று எந்த நாட்டிலும் அப்படி ஒரு சோதனையை நடத்த அனுமதி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. அவர்கள் கொடுத்த விலையில்தான் நமக்கு இந்த அறிவு கிடைத்தது என்பதை இந்த ஊரில் பேசும்போது சொல்லாமல் போகக்கூடாது.

கோலாலம்பூரில் 1900-இல் தொடங்கிய மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர் சாலை போட வந்த ஜாவானியத் தொழிலாளர்களிடையே இதை மறுபடி சோதித்து உறுதிப்படுத்தினார்கள். அரிசியைத் தீட்டும்போது ஏதோ ஒன்று போய்விடுகிறது, அது குறைவதால் நோய் வருகிறது. இன்று அதை வைட்டமின் பி1 என்கிறோம். 1912-இல் காசிமிர் ஃபங்க் என்ற அறிஞர் இப்படிப்பட்ட சத்துக்களுக்கு வைட்டமின் என்று பெயரே வைத்தார்.

அதே 1912-இல், உலகத்தின் இன்னொரு மூலையில், ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ தைராய்டு சுரப்பியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கழுத்து வீங்கியிருந்த நான்கு பெண்களின் சுரப்பியை நுண்ணோக்கியில் பார்த்து, அதற்குள் வெள்ளை அணுக்கள் குவிந்திருப்பதைக் கண்டார். உடம்பின் காவல்படை உடம்பையே தாக்குகிறது என்பது பின்னாளில் புரிந்தது. அயோடின் போதுமான அளவு கிடைக்கும் நாடுகளில் தைராய்டு குறைவாகச் சுரப்பதற்கு முதன்மைக் காரணம் இந்த ஹஷிமோட்டோ நோய்தான். இங்கே அமர்ந்திருப்பவர்களில் தினமும் விடியற்காலையில் அந்தச் சின்ன மாத்திரையை விழுங்குகிறவர்கள் பலருக்கும் இதுதான் இருக்கும்.

அந்த மாத்திரையைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். 1891-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர் ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டு 46 வயதுப் பெண் ஒருவரை எழுப்பி நடமாட வைத்தார். அந்த அம்மா அதன்பிறகு 28 ஆண்டுகள் வாழ்ந்தார். இன்று நாம் விழுங்கும் லெவோதைராக்சின், அந்தச் சுரப்பி தரவேண்டிய அதே ஹார்மோன். எந்த வைட்டமினும் அதன் இடத்தை நிரப்பாது. பக்கத்து வீட்டு அக்கா, “தைராய்டு மாத்திரையை விட்டுட்டு இதைச் சாப்பிடு, மூணு மாசத்தில் சரியாப் போயிடும்” என்று ஒரு புட்டியை நீட்டினால், அக்காவின் அன்பை ஏற்றுக்கொள்ளுங்கள். புட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சரி, எது குறைகிறது? முதலில் எல்லோர் வாயிலும் வரும் பதில் அயோடின். தைராய்டு என்றாலே அயோடின் குறைவு என்று பள்ளியில் படித்தோம். பொய்யில்லை. சரவாக்கின் உள்நாட்டு நீள்வீடுகளில் கழுத்துக் கழலை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அயோடின் சேர்த்த உப்பைக் கட்டாயமாக்கும் சட்டம் அங்கே 1982-லேயே வந்தது. ஜப்பானியர் காலத்தில் நம் தோட்டத்து மக்கள் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்றே நாளைக் கடத்தினார்கள். அயோடின் போதாத உடம்புக்கு மரவள்ளியே உணவாகிப் போனால் கழலை கூடும் என்பதும் மருத்துவம் அறிந்த உண்மை.

ஆனால் ஹஷிமோட்டோ நோய் அது அல்ல. மீனும் நெத்திலியும் அயோடின் உப்பும் கிடைக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்பவருக்கு அயோடினை மேலும் கொட்டினால் நோய் தணியாது, பல வேளைகளில் கூடிவிடும். அதிகமாகச் சுரக்கும் தைராய்டு உள்ளவருக்கும் அது ஆபத்துதான். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம். கடற்பாசி மாத்திரைகள் சிலவற்றில் அதைப்போல் பல மடங்கு இருக்கும், புட்டிக்குப் புட்டி அளவும் மாறும். எனவே தைராய்டுக்கென்று சொல்லி விற்கும் கடற்பாசி மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள்.

தைராய்டுக்குத் துணை என்று விற்கும் மாத்திரைகளைப் பற்றி இன்னொரு செய்தி. 2013-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, கடையில் வாங்கிய அத்தகைய மாத்திரை வகைகள் பத்தைப் பரிசோதித்தது. பத்தில் ஒன்பதில் தைராய்டு ஹார்மோனே கலந்திருந்தது! மருத்துவர் அளந்து கொடுக்கும் ஹார்மோனோடு அளவு தெரியாத ஹார்மோனும் சேர்ந்தால் என்ன ஆகும்? நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வயதானவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும்.

இப்போது நான் சொல்லப்போவதை, தயவுசெய்து, கொஞ்சம் கூர்ந்து கேளுங்கள். முடிக்கும் நகத்துக்கும் விற்கும் புட்டிகளில் பயோட்டின் என்ற வைட்டமின் இருக்கும். ஒரு நாளைக்கு நமக்குத் தேவை 30 மைக்ரோகிராம். புட்டியில் இருப்பது எவ்வளவு? 5,000. சிலவற்றில் 10,000. உடம்புக்கு அது பெரிய கெடுதல் செய்வதில்லை, சிறுநீரோடு போய்விடும். அப்படியானால் கவலை என்ன? கவலை உடம்பில் இல்லை, இரத்தப் பரிசோதனையில் இருக்கிறது.

பல ஆய்வுக்கூடங்களில் தைராய்டு ஹார்மோனை அளக்கும் முறையே பயோட்டினை நம்பி இயங்குகிறது. அளக்கவேண்டிய பொருளைப் பிடித்து நிறுத்த, பயோட்டின் என்ற கொக்கியை அதற்கான வளையத்தில் மாட்டுகிறார்கள். உங்கள் இரத்தத்தில் ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் கொக்கிகள் மிதந்தால்? வளையங்கள் அவற்றால் நிரம்பிவிடும், கணக்கு தவறிவிடும். சுரப்பியைத் தூண்டும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், சுரப்பி தரும் டி4 என்ற ஹார்மோனை உண்மையைவிட அதிகமாகக் காட்டும். தைராய்டு குறைவாக இருப்பவருக்கு, அதிகமாக இருப்பதுபோலவே தாள் சொல்லும்!

ஓர் அம்மாவை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் வாங்குகிறார். முடி கொட்டுவதற்குக் காரணம் தைராய்டு மருந்து போதாமை. பரிசோதனைக்குப் போகிறார். மருந்து கூடிவிட்டது என்று தாள் சொல்கிறது. மருத்துவர் நியாயமாக அளவைக் குறைக்கிறார். முடி இன்னும் கொட்டுகிறது. அம்மா இன்னொரு புட்டி பயோட்டின் வாங்குகிறார். இதில் யார்மேல் குற்றம்? யார்மேலும் இல்லை. சொல்லவேண்டிய ஒரு வார்த்தை சொல்லப்படவில்லை, அவ்வளவுதான். “டாக்டர், நான் முடிக்கு ஒரு வைட்டமின் சாப்பிடுகிறேன்” என்ற அந்த ஒரு வார்த்தை.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017 நவம்பரில் இதை எச்சரித்தது, 2019-இல் மறுபடியும் எச்சரித்தது. மாரடைப்பைக் கண்டறியும் பரிசோதனையும் இப்படித் தவறியதால் ஓர் உயிர் போனதாக அந்த எச்சரிக்கையில் இருக்கிறது. அமெரிக்கத் தைராய்டு சங்கம், பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பாவது பயோட்டினை நிறுத்தச் சொல்கிறது. மிக அதிக அளவில் எடுப்பவர்கள் இன்னும் முன்பே நிறுத்தவேண்டியிருக்கும், மருத்துவரைக் கேளுங்கள். பல வைட்டமின் கலந்த சாதாரண மாத்திரைகளிலும் பயோட்டின் உண்டு. முன்பக்கத்தில் எழுதியிருக்காது, பின்பக்கம் திருப்பிப் பாருங்கள்.

அடுத்தது நேரம். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். பிறகு அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துப் பசியாறலாம். கோப்பியும் அதற்குப் பிறகுதான். பால் சேர்க்காத கோப்பி ஓ ஆனாலும் அப்படித்தான். மாத்திரையை எஸ்பிரசோவோடு விழுங்கியவர்களுக்கு மருந்து சரியாக உடம்பில் சேரவில்லை என்று இத்தாலிய மருத்துவர்கள் 2008-இல் எழுதினார்கள். நம் ஊரில் எத்தனை பேர் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு தே தாரிக்கைக் குடிக்கிறோம்!

கால்சியமும் இரும்புச்சத்தும் தைராய்டு மாத்திரையைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், இரத்தத்தில் சேர விடாது. நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். பல வைட்டமின் கலந்த மாத்திரையில் இரும்பும் உண்டு, கால்சியமும் உண்டு. ஆகவே அதற்குக் காலை நேரம் வேண்டாம், மதியச் சாப்பாட்டோடு எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்செரிச்சலுக்குச் சப்பிச் சாப்பிடும் மாத்திரைக்கும் இதே விதிதான். சோயா பாலும் தௌஹுவும் விலக்கவேண்டிய உணவல்ல, மாத்திரை நேரத்தில் மட்டும் வேண்டாம். முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் கூடாது என்று பலர் பயப்படுகிறார்கள். வேகவைத்து அளவாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. காலையில் இடைவெளி விட முடியாதவர்கள், இரவு உணவுக்குப் பின் மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும் முன் எடுத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரைக் கேட்கலாம். அதுவும் நன்றாக வேலை செய்யும்.

இப்போது நம் உடம்பில் உண்மையிலேயே குறையக்கூடியவற்றுக்கு வருகிறேன். முதலாவது பி12. இது செடி கொடியில் இல்லை. மரக்கறி மட்டும் உண்பவருக்கு இது பால், தயிரிலிருந்துதான் வரவேண்டும். பாலும் ஒத்துக்கொள்ளாத சைவருக்கு எங்கிருந்து வரும்? இதற்கு மேலும் இரண்டு காரணங்கள் சேர்கின்றன. ஹஷிமோட்டோ உள்ள சிலருக்கு வயிற்றின் உட்சுவரையும் அதே காவல்படை தாக்கும், அப்போது உண்ட பி12 கூட உடம்பில் சேராது. இன்னொன்று, நீரிழிவுக்கு நாம் சாப்பிடும் மெட்ஃபார்மின் நீண்ட காலத்தில் பி12-ஐக் குறைக்கும். மலேசியாவில் நீரிழிவு இந்திய வம்சாவளியினரிடையேதான் அதிகம் என்பதைத் தேசிய சுகாதார ஆய்வுகள் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. சைவம், தைராய்டு, நீரிழிவு மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால் பி12-ஐ அளந்து பார்க்காமல் இருக்கலாமா?

கால் மரத்துப்போவது, நாக்கு எரிவது, மறதி, தள்ளாட்டம். இவை வந்தால் “தைராய்டுதான், வேறென்ன” என்று விட்டுவிடாதீர்கள். நரம்பு கெட்டுப்போன பிறகு முழுவதும் மீட்பது கடினம். ஒரு நல்ல செய்தியும் உண்டு. மாத்திரையில் இருக்கும் பி12 நுண்ணுயிர்களை வளர்த்துச் செய்யப்படுகிறது, விலங்கிலிருந்து எடுப்பதில்லை. சைவர் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். சுருள்பாசியை நம்பி இருந்துவிடாதீர்கள், அதில் இருப்பது பெரும்பாலும் நம் உடம்புக்குப் பயன்படாத போலி பி12.

இரும்பு. தைராய்டு குறைந்த பெண்களுக்கு மாதவிடாயில் இரத்தப்போக்கு அதிகமாகலாம், அதனால் இரும்புச்சத்து குறையும். ஆனால் இரத்தம் குறைவு என்று கேட்டதும் இரும்பு மாத்திரை வாங்கிவிடக்கூடாது. தலசீமியாக் கூறு உள்ளவர்கள் இந்த நாட்டில் நிறைய. அவர்களுக்கும் இரத்த அணு சிறுத்துத்தான் தெரியும், ஆனால் குறைவது இரும்பு அல்ல. ஃபெரிட்டின் என்ற ஒரு பரிசோதனை இதைப் பிரித்துச் சொல்லிவிடும். வைட்டமின் டி-யும் அப்படித்தான். இவ்வளவு வெயில் அடிக்கும் நாட்டில் குறையுமா என்று கேட்பீர்கள். குறைகிறது. வெயிலைவிட்டு விலகியே வாழ்கிறோம். அளந்து பார்த்து, குறைந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கொழுப்பில் கரையும் வைட்டமின் அது, மிஞ்சினால் உடம்பிலேயே தங்கி இரத்தத்தில் கால்சியத்தைக் கூட்டிவிடும்.

செலினியம் பற்றியும் கேட்கிறீர்கள். ஒரு நாளைக்கு வேண்டியது 55 மைக்ரோகிராம், உச்ச வரம்பு 400. தைராய்டினால் கண் பாதிக்கப்பட்ட சிலருக்கு மருத்துவர்கள் சில மாதங்கள் கொடுப்பதுண்டு. ஹஷிமோட்டோவுக்கு எல்லோரும் எடுக்கவேண்டும் என்று சொல்லும் அளவுக்குச் சான்று இன்னும் சேரவில்லை. 2008-இல் அமெரிக்காவில் விற்ற ஒரு திரவ வைட்டமினில், தயாரிப்புத் தவறால், எழுதியிருந்ததைவிட ஏறக்குறைய 200 மடங்கு செலினியம் கலந்துவிட்டது. குடித்தவர்களுக்கு முடி கொட்டியது, நகம் உதிர்ந்தது. சத்துக்காக வாங்கிக் குடித்ததே அப்படிச் செய்தது.

இனி உறைக்கு வருவோம். வைட்டமின் சரியானதாக இருக்கலாம், அதைச் சுற்றியிருக்கும் கூடு எது? மென்மையான கூட்டில் வருபவை பெரும்பாலும் ஜெலட்டின். ஜெலட்டின் மாட்டுத் தோல், எலும்பிலிருந்தோ பன்றியிலிருந்தோ மீனிலிருந்தோ வரும். நம் வீடுகளில் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. ஹலால் முத்திரை இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். ஹலால் முத்திரை, பன்றி இல்லை என்று உறுதி சொல்லும். மாடு இல்லை என்று சொல்லாது! முறைப்படி அறுத்த மாட்டின் ஜெலட்டின் ஹலால்தானே? நம் முஸ்லிம் சகோதரர்களுக்கு அது சரி, மாட்டிறைச்சி உண்ணாத இந்துவுக்கும் சைவருக்கும் அது சரியல்ல. மலேசியாவில் பதிவு பெற்ற தயாரிப்புகளில் விலங்குப் பொருள் எதிலிருந்து வந்தது என்று உறையில் குறிக்கவேண்டும். போவைன் என்றோ லெம்பு என்றோ இருந்தால் மாடு. போர்சைன் என்றால் பன்றி. ஹைப்ரோமெல்லோஸ் என்றோ செல்லுலோஸ் என்றோ இருந்தால் செடியிலிருந்து செய்த கூடு, தயங்காமல் வாங்கலாம்.

வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமத்தின் கொழுப்பிலிருந்து செய்யப்படுகிறது. பால் குடிக்கும் சைவர் பலர் இதை ஏற்றுக்கொள்வார்கள். ஏற்காதவர்களுக்குக் கற்பாசியிலிருந்து எடுத்த டி3 கிடைக்கிறது, டி2 கிடைக்கிறது. எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், அவரவர் மனசாட்சி. ஆனால் தெரிந்து விழுங்கவேண்டும். தெரியாமல் விழுங்கிவிட்டுப் பிறகு கலங்கி, வேண்டிய மருந்தையே நிறுத்திவிட்ட முதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒத்துக்கொள்ளாமையிலும் வேறுபாடு உண்டு. பால் குடித்தால் வயிறு ஊதுகிறது என்றால், பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் ஆற்றல் குறைவு. ஒரு குவளைப் பாலில் ஏறக்குறைய 12 கிராம் லாக்டோஸ். மாத்திரையில் நிரப்பியாக இருப்பது மில்லிகிராம் கணக்கு, பெரும்பாலோருக்குத் தொந்தரவு தராது. ஆனால் ஒரு பொருளைத் தின்றவுடன் உடம்பு தடித்து, உதடு வீங்கி, மூச்சு அடைத்தால் அது ஒவ்வாமை. அதில் துளி அளவுகூட விளையாடக்கூடாது. மூன்றாவது, சீலியாக் நோய். கோதுமையின் குளூட்டன் குடலையே புண்ணாக்கும் நோய் அது, ஹஷிமோட்டோ உள்ளவர்களிடம் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. சப்பாத்தியும் ரொட்டி சானாயும் சாப்பிட்டுத் தீராத வயிற்றுப்போக்கு, இரத்தசோகை, எவ்வளவு கூட்டினாலும் போதாத தைராய்டு மருந்து என்று இருந்தால் மருத்துவரிடம் சீலியாக் பற்றிக் கேளுங்கள். பரிசோதனைக்கு முன் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிட்டால் சோதனை தவறிப் போகும். அந்த நோய் இல்லாதவர், யாரோ சொன்னார்கள் என்று கோதுமையை ஒதுக்கவேண்டிய அவசியமில்லை.

நிரப்பிகளும் முக்கியமானவை என்பதற்குப் பிரான்சில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே ஏறக்குறைய 30 லட்சம் பேர் சாப்பிட்ட ஒரு தைராய்டு மாத்திரையில் 2017-இல் லாக்டோஸை எடுத்துவிட்டு மானிட்டாலும் சிட்ரிக் அமிலமும் சேர்த்தார்கள். மருந்து அதேதான். ஆனால் ஆயிரக்கணக்கானோர் தலைசுற்றல், சோர்வு, முடி உதிர்வு என்று புகார் செய்தார்கள். விவகாரம் நீதிமன்றம் வரை போனது. காரணம் எதுவானாலும் நமக்கு வேண்டியது ஒன்று. உங்கள் தைராய்டு மாத்திரையின் பெயரோ தயாரிப்போ மாறினால் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். பாருங்கள். அந்த ஹார்மோன் உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும், அதனால் அவசரப்பட்டுப் பார்த்தால் உண்மை தெரியாது.

வாங்கும்போது உறையில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணைத் தேடுங்கள். சத்து மாத்திரை என்றால் எண்ணின் முடிவில் பெரும்பாலும் என் (N) என்ற எழுத்து, பாரம்பரிய மருந்து என்றால் டி (T) என்ற எழுத்து இருக்கும். பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பொருளின் பெயர் வரும். வரவில்லை என்றால், பசார் மாலாமில் விற்றாலும் சரி, சொந்தக்காரர் விற்றாலும் சரி, வாங்காதீர்கள். பதிவில்லாத மூலிகைப் பொருள்களில் ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை அறிவித்திருக்கிறது.

மூலிகை என்றதும் அமுக்கராவைச் சொல்லாமல் இருக்க முடியாது. நம் சித்த மருத்துவத்தின் மதிப்புக்குரிய கிழங்கு அது. அதனால்தான் அதற்கு வலுவும் உண்டு. தைராய்டு ஹார்மோனைக் கூட்டிவிடக்கூடியது. டென்மார்க் 2023-இல் அதைத் தடையே செய்துவிட்டது. நம் மருந்தை நாம் விடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர் மருத்துவரிடம் சொல்லாமல் அமுக்கராப் பொடியைப் பாலில் கலக்கவேண்டாம் என்கிறேன். வலு இருக்கும் பொருளுக்கு அளவும் வேண்டும், கண்காணிப்பும் வேண்டும்.

கடைசியாக, இங்கே வந்திருக்கும் இளம் பெண்களுக்கும் அவர்களின் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் குழந்தையின் சுரப்பி வேலை செய்யத் தொடங்கியிருக்காது. அதன் மூளை வளர்வது தாயின் தைராய்டு ஹார்மோனை வைத்துத்தான். அந்த நேரத்தில் தாய்க்கு மருந்து பெரும்பாலும் கூட்டவேண்டியிருக்கும். அயோடின் தேவையும் அப்போது உயரும், எனவே எவ்வளவு என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும். கிளினிக் கெசிஹாத்தானில் கொடுக்கும் இரும்பு மாத்திரையும் கால்சியமும் கர்ப்பிணிக்கு வேண்டியவைதான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே கைப்பிடியாகக் காலையில் விழுங்கினால் தைராய்டு மருந்து குழந்தைக்குப் போய்ச் சேராது. தைராய்டு மாத்திரை விடியற்காலையில், இரும்பு மதியத்தில், கால்சியம் இரவில் என்று பிரித்துக்கொள்ளலாமா என்று தாதியைக் கேளுங்கள். கர்ப்பம் என்று தெரிந்த அன்றே கிளினிக்கை அழையுங்கள், அடுத்த மாதத் தேதி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மாமியார் முன்னால் மாத்திரை சாப்பிடக் கூச்சப்படும் மருமகள்களும் உண்டு. மாமியார்களே, நீங்களே அந்த நேரத்தை நினைவுபடுத்துங்கள்.

வீட்டில் இருக்கும் புட்டிகளைக் கொண்டுவரும்படி அழைப்பிதழில் சொல்லியிருந்தோம். மேசையில் வையுங்கள். கண்ணாடி எடுத்து வராதவர்களுக்கு நான் படித்துச் சொல்கிறேன். முதலில் கர்ப்பிணிகள் வாருங்கள், அடுத்து முதியவர்கள்.